முப்பத்தைந்து அடி, எட்டு தௌ

எங்கள் பவுண்டரி காலனியில் ஒரு மாடல் விமானம் கீழே இறங்க மறுத்தது. ஏன் மறுத்தது என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். எனக்குத் தெரியாது. தெரிந்தவன் எவனும் இல்லை.

முதலில் கம்பி. அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. எங்கள் விமானங்களுக்கு ரேடியோ கிடையாது. இறக்கையின் நுனியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் வரும்; கம்பிகள் வந்து சேருகிற கைப்பிடியை ஒருவன் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பான்; விமானம் அவனைச் சுற்றி வட்டமடிக்க, அவனும் கூடவே சுற்றுவான்; மணிக்கட்டை மேலே சாய்த்தால் அது ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். அவ்வளவுதான் வித்தை. மிச்சமெல்லாம் கம்பியில் இருக்கிறது. சின்ன விமானத்தின் மூக்கில் இருக்கிற இன்ஜின் கட்டைவிரல் அளவு. அதற்குக் கம்பி குட்டையாகப் போட்டால் பிடிக்கிறவனுக்குத் தலை சுற்றும், நீளமாகப் போட்டால் தொய்யும், மெல்லிசாகப் போட்டால் அறும், தடிமனாகப் போட்டால் விமானம் பறப்பதை விட்டுவிட்டுக் கம்பியைச் சுமக்க ஆரம்பித்துவிடும். முப்பத்தைந்து அடி, எட்டு தௌ. அதுதான் அளவு. தௌ என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டதில் ஒன்று. எட்டு தௌ என்றால் மூன்று தலைமயிரைச் சேர்த்து முறுக்கின தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காலத்து மேனேஜரோ கொண்டுவந்து பழக்கிவிட்ட விளையாட்டு, வேறு ஊர்களில் சேவல் சண்டை எப்படியோ அப்படி எங்களுக்கு ஆகிப்போனது. வீட்டுக்கு ஒரு விமானம், ஞாயிற்றுக்கிழமை பந்தயம், காலனி முழுக்க இன்ஜினில் விளக்கெண்ணெய் கருகின வாசம். ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று தெரியாத மருமகள்கூட எங்கள் காலனியில் இருந்திருக்கிறாள். கம்பியின் அளவு தெரியாதவர் யாரும் இருந்ததில்லை. இதை நினைவில் வையுங்கள்.

பவுண்டரியை மூடினார்கள். இரும்பையும் அச்சையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மணலை மட்டும் எங்களிடம் விட்டுப் போனார்கள், நெஞ்சுக்குள். வார்ப்பு மணலின் மாவு முப்பது வருஷம் மூக்கு வழியாகப் போனால் நுரையீரல் பழைய சாக்குப்போல் ஆகிவிடும். காற்று உள்ளே போகும், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வரும். எனக்கு உண்டு. என் வீட்டுக்காரி துளசிமணிக்கு என்னைவிட மோசம். அவள் கோர் ஷாப்பில், அச்சுக்குள் வைக்கிற மணல் உருண்டை பிடித்தவள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நான் வாசல்வரை போய்த் திரும்பிவிடலாம்.

காலனியிலேயே நெஞ்சு சுத்தமானவன் கிட்டுசாமி ஒருவன்தான். அவன் மரத்தில் மாதிரி செதுக்குகிற பட்டறையில் இருந்தவன். அவன் மேல் விழுந்தது மரத்தூள் மட்டும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். விமானம் ஒன்றுதான் மிச்சம். நாங்கள் பந்தயம் விட்ட மைதானத்தையும் விற்று வேலி போட்டபிறகு, அவன் விமானத்தையும் கம்பிச் சுருளையும் தோளில் போட்டுக்கொண்டு காலனி நடுவில் இருக்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினான்.

"கிட்டு, கீழ விழுந்து சாகப் போறயா?" என்று கேட்டேன்.

"வேலிக்காரன் வானத்தையும் வாங்கிட்டானா என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்றான்.

கிளப்பினான். ஓட்டுக் கூரைகளுக்கு மேலே அது வட்டம் போட்டது. இந்த வகை இன்ஜினில் ஊற்றுகிற எண்ணெய் கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். தீர்ந்தது. இன்ஜின் நின்றது. விசிறி நின்றது. விமானம் நிற்கவில்லை. சத்தமில்லாமல், அதே வேகத்தில், அதே இழுப்போடு சுற்றிக்கொண்டே இருந்தது. கிட்டுசாமி மேலே அண்ணாந்து பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். "இழுக்குது" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எங்கள் வீடு தொட்டியைச் சுற்றின முதல் வரிசையில். நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே துளசிமணியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, அந்த மோட்டு ஓட்டை மாத்துங்க மாத்துங்கன்னு நானும் எத்தன வருசமாச் சொல்றனுங்க, ஒரு மனுசனுக்குச் சொன்னா ஒறைக்கணும், பக்கத்து வீட்டுத் தண்டபாணியெல்லாம் ஒரு வார்த்தைக்கு ஓடியாறாரு, எனக்குன்னு வாச்சது இப்படி."

நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூச்சு வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டியிருக்கிறாள். நானும் அப்போதுதான் கவனித்தேன்: என் நெஞ்சுக்குள் காற்று போய்க்கொண்டிருந்தது, அடிவரைக்கும், தடுப்பாரில்லாமல், வாய்க்காலில் மடை திறந்தால் தண்ணீர் போகிற மாதிரி.

வட்டத்துக்குள் மூச்சு வந்தது. வட்டத்துக்கு வெளியே வரவில்லை. விஷயம் இதுதான்.

அன்றைக்கே சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். கூரையின் மேல், தெருவின் மேல், சுவர் குறுக்கே வந்தால் சுவரின் மேல், அந்தக் கோடு வட்டமாகப் போனது. எங்கள் வீட்டில் முன்னறை உள்ளே, சமையலறை வெளியே. துளசிமணியின் கட்டிலை முன்னறைக்கு இழுத்தேன். நுனி கொஞ்சம் கோட்டைத் தாண்டி நின்றது.

"தலை உள்ள இருந்தாப் போதுமுங்க. காலு என்ன மூச்சா உடுது" என்றாள்.

படுத்தாள். மல்லாந்து படுத்து, பகலிலேயே தூங்கினாள். வாயைத் திறந்து குறட்டை விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். போதும் அது.

காலனி பழகிக்கொண்டது. மனுஷன் எதற்கும் பழகுவான். தொட்டிமேல் முறைபோட்டு ஆள் ஏறி, ஒரு கை மாற்றி இன்னொரு கையாகக் கைப்பிடியை வாங்கிக்கொண்டார்கள். மேலே இருக்கிறவனுக்குச் சோறு கயிற்றில் ஏறியது. வெள்ளிக்கிழமை தொட்டிக்குக் கற்பூரம் காட்டினார்கள். முதல் வரிசை வீடுகளுக்கு எந்தக் காலத்திலும் வராத ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து பாயை விரித்தார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் பையனின் சம்பளத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, வீடு தொட்டியிலிருந்து எத்தனை அடி என்று கேட்டார்கள். பீடியை நிறுத்தியிருந்தவர்கள் கோட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்து ஆசை தீர இழுத்தார்கள். டவுனிலிருந்து ஒரு டாக்டர் வந்து கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்துப் பார்த்துவிட்டு, நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வாடகைக்கு வீடு காலி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். மூடிப்போன பவுண்டரியின் முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. எங்கள் நெஞ்சு மணலுக்கு ஈடு கேட்டு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் மருத்துவக் குழுவைக் கூட்டிவந்து, தொட்டிக்கு நேர் கீழே பந்தல் போட்டு, எங்களை ஒவ்வொருவராக ஊதச் சொன்னார்கள். எல்லோரும் நன்றாக ஊதினோம். நோய் இல்லை என்று ஆகிவிட்டது. வழக்கு முடிந்தது.

இதில் முதல் வரிசைக்காரர்கள் யார், பின் வரிசைக்காரர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு ஒதுக்கினபோது மேஸ்திரிகளுக்கும் உருக்குக்காரர்களுக்கும் தொட்டியைச் சுற்றிக் கொடுத்தார்கள். வார்த்த இரும்பில் பிசிறு தட்டுகிறவர்களுக்குக் கடைசி வரிசை, சாக்கடை ஓரம். தூசு அதிகம் தின்றவர்கள் அவர்கள்தான். வட்டம் அவர்கள்வரை போகவில்லை. கடைசி வரிசையில் மாரப்பன் இருந்தான்; முன்பெல்லாம் ஒற்றை ஆளாக ஒரு மோட்டார் கூட்டைத் தூக்கி வைப்பான்; இப்போது அவனை அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி தூக்கி உட்காரவைத்தாள். ஜெயக்கொடி கிட்டுசாமியின் கூடப்பிறந்த தங்கை.

அவள் மாரப்பனைத் தினமும் நாற்காலியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டுக்குள் விடுவாள். முதல் வரிசைக்காரர்கள் கொஞ்சநாள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பிறகு வாசலில் துணி காயவைத்தார்கள். பிறகு பூந்தொட்டி வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. எங்கள் காலனியில் முகத்துக்கு நேராக யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் எங்களைக் கெடுத்தது.

வட்டத்தைப் பெரிதாக்க, கம்பியை முதலில் நாற்பத்திரண்டு அடியாக்கினார்கள். அந்தளவுக்கு அதே எட்டு தௌ கம்பி தாங்கும். ஒருவன் கையுறை போட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் கைப்பிடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒட்டுக்கம்பி கோத்துவிட்டான். இரண்டாம் வரிசை உள்ளே வந்தது. எங்கள் சமையலறையும் வந்தது. ஆனால் மேல்காற்று அடிக்கிறபோது ஒரு சங்கடம். காற்று வருகிற பக்கம் விமானம் போனால், காற்று அதை நடுவை நோக்கித் தள்ளும், கம்பி தொய்யும், தொய்ந்தால் கைக்கு விமானம் இல்லை. அப்போது பிடித்திருப்பவன் பின்னால் காலெடுத்து வைத்துக் கம்பியை நிமிர்த்த வேண்டும். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. சூடு பட்டால் கை பின்னால் வருகிற மாதிரி, கம்பி தொய்ந்தால் எங்கள் கால் பின்னால் போகும். தொட்டியின் மேல் ஓர் எட்டு, மிஞ்சினால் இன்னோர் எட்டு. நாற்பத்திரண்டுக்கு அது போதுமாக இருந்தது.

கடைசி வரிசைக்கு அறுபது அடி வேண்டும். சங்கத் தலைவர் சிவன்மலை கூட்டம் போட்டார். தொட்டியடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். நியாயம் அவர்கள் பக்கம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கட்டைவிரல் இன்ஜினுக்கு எந்த நியாயம் தெரியும்?

எழுந்து சொன்னேன்: "அறுபது அடிக்கு எட்டு தௌ போட்டா அறும். அறக்கூடாதுன்னு பதினெட்டு போட்டா, விமானம் கம்பியத்தான் சொமக்கும். நான் சொல்லித்தான் தெரியணுமா உங்களுக்கு?"

சிவன்மலை தரையைப் பார்த்தார். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் சிரித்தான்.

"அண்ணன் வூடு உள்ள இருக்குது. அண்ணன் எட்டுன்னுதான் சொல்லும்."

என் வீடு உள்ளேதான் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது: எட்டு என்பவன் உள்ளே இருப்பவன், பதினெட்டு என்பவன் வெளியே இருப்பவன், கம்பியைப் பற்றி ஒருவன் வாயைத் திறந்தால் அவன் வீடு எந்த வரிசை என்று பார்த்துவிட்டுத்தான் காது கொடுத்தார்கள். ஐம்பது வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த அளவு, ஒரே சாயங்காலத்தில் யாருக்கும் தெரியாததாகிப் போனது.

"கிட்டுவக் கேளுங்க. அவனுக்கு நெஞ்சும் சுத்தம், வூடு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். அவன் சொல்லட்டும்" என்றார் தண்டபாணி.

கிட்டுசாமி அப்போதுதான் முறை மாற்றிவிட்டுக் கீழே இறங்கியிருந்தான். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"முப்பத்தஞ்சு. போனாப் போகுது, நாப்பத்திரண்டு. அதுக்கு மேல பறக்காது."

ஜெயக்கொடி எழுந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"ஏண்ணா, எம்பட கல்யாணத்துக்குச் சீர் கொண்டாந்தயே, அப்ப எந்தக் கோட்டுக்கு வெளிய நின்னயாம்?"

"ஜெயா, அதில்லம்மா..."

"எம்பட வீட்டுக்காரர் வெளியவே கெடந்து போகட்டும். நீ அளவு பாத்துப் புடி. நெம்பக் கவனமாப் புடி. கம்பிக்கு ஒண்ணு ஆயிறப் போகுது."

கிட்டுசாமி சட்டைப்பையைத் துழாவினான். அதில் ஒன்றும் இல்லை. எல்லோரும் அவன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தோம். பையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னான்:

"சரி. அறுபது. பதினெட்டுப் போட்டுப் பாக்கலாம். பறந்தாலும் பறக்கும்."

கை தூக்கச் சொன்னார் சிவன்மலை. தூக்கினார்கள். முதல் வரிசைக்காரர்களும் தூக்கினார்கள். ஜெயக்கொடி உட்கார்ந்திருக்கிறாள், மாரப்பன் நாற்காலியில் இருக்கிறான், அவர்களைப் பார்த்துக்கொண்டு தூக்காமல் எப்படி இருப்பது? பறக்காது என்று தெரிந்த கைகள் அத்தனையும் மேலே போயின. என் கை போகவில்லை. அதனால் என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை.

தானாக இறங்காத விமானத்தைக் கம்பியோடு இழுத்துக் கையில் பிடித்து இறக்கினான் கிட்டுசாமி. காலனி முழுக்க ஒரேயடியாக இருமியது. மளமளவென்று புதுக்கம்பி கோத்து, கையாலேயே வீசிவிட்டான். ஏறியது. ஏறத்தான் செய்தது. கைதட்டினார்கள்.

ஆனால் அது வேறு விமானம். முன்பு கம்பி ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடாக நின்றது. இப்போது வயிறு தள்ளிக்கொண்டு பின்னால் இழுபட்டது. வேகம் பாதி. அறுபது அடி வட்டத்துக்குள் எல்லோருக்கும் மூச்சு வந்தது, கடைசி வரிசைக்கும் வந்தது, ஆனால் யாருக்கும் முழுசாக வரவில்லை. பாதி மூச்சு. பந்தியில் ஆள் கூடிவிட்டால் சாம்பாரில் தண்ணீர் விடுவார்களே, அப்படி. சமமாக வந்துவிட்டது என்று சிவன்மலை சந்தோஷப்பட்டார். மாரப்பன் நாற்காலியில் இருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் வாசல்வரை நடந்தான். ஜெயக்கொடி அதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

துளசிமணி மறுபடி உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தாள்.

"ஏனுங்க" என்றாள். நான் காத்திருந்தேன். "மாரப்பன்... நடக்கறாருங்களாமா?"

"நடக்கறான்."

"நடக்கட்டும்" என்றாள். அவ்வளவு பேசினதற்கே உதடு நீலமாகிவிட்டது.

போய்க் கிட்டுசாமியிடம் சொன்னேன், கொஞ்சம் குறை, ஐம்பதாக்கு, பன்னிரண்டு தௌ போடு என்று. அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாரை வெளிய உடறது, மாப்பளே? நீ பேரச் சொல்லு, நான் கொறைக்கறேன்" என்றான். பெயர் என் வாயில் இருந்தது. சொல்லவில்லை. சொன்னாலும் அவன் செய்திருக்க மாட்டான். சும்மா கேட்டான்.

அந்தத் தடித்த கம்பியை வேறு யாராலும் வெகுநேரம் பிடிக்க முடியவில்லை. பாதி மூச்சில் ஏறினவர்களுக்குப் படியேறவே சரியாக இருந்தது. கடைசியில் கிட்டுசாமிதான் மேலேயே கிடந்தான். சாப்பாடு மேலே, தூக்கம் மேலே. தூங்குகிறபோதும் கை மட்டும் வட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். காலனிக்கு அது சௌகரியமாக இருந்தது. நல்ல மனுஷன் என்றார்கள். நல்ல மனுஷன் என்று நாலுபேர் சொல்ல ஆரம்பித்தால் அவனுக்கு முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று மேற்கேயிருந்து வரும், கணவாய் வழியாக, கூரையோட்டைக் கழற்றிக்கொண்டு. மத்தியான நேரம். நான் துளசிமணிக்கு முதுகு தடவிக்கொண்டிருந்தவன், வெளிச்சம் மாறினதுபோல் ஏதோ தோன்றி வாசலுக்கு வந்தேன். விமானம் மேற்குப் பக்கம் போயிருந்தது. காற்று அதைத் தூக்கித் தொட்டியை நோக்கித் தள்ளியது. அறுபது அடிக் கம்பியும் கொடித்துணி மாதிரித் தொங்கியது. அதே நேரத்தில் காலனி முழுக்க மூச்சு நின்றது. எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கத்தினால் அவனுக்குக் கேட்கும். கத்துவதற்கு யாரிடமும் மூச்சு இல்லை.

கிட்டுசாமி பின்னால் ஓர் எட்டு வைத்தான். கம்பி நிமிரவில்லை. இன்னோர் எட்டு வைத்தான். அறுபதடித் தொய்வை நிமிர்த்த எத்தனை எட்டு வேண்டும் என்று அந்தத் தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தொட்டியின் மேல் எத்தனை எட்டு இருக்கிறது என்றும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் கால் கேட்காது. கம்பி தொய்ந்தால் கால் பின்னால் போகும். அடுத்த எட்டையும் வைத்தான். அங்கே தொட்டி இல்லை.

கைப்பிடியை விடவில்லை. விட்டிருந்தால் விளிம்பைப் பிடித்திருக்கலாம் என்று பிறகு பேசினார்கள். அவன் விடவில்லை. தொட்டிக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் பாரம் முழுக்கக் கம்பியில் ஏறியது. தொங்கிக்கொண்டிருந்த அறுபது அடியும் விண்ணென்று நிமிர்ந்தது. விமானம், முப்பத்தைந்து அடியில்கூட நாங்கள் பார்த்திராத வேகத்தில், காலனியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. முழு வட்டம். கடைசி வரிசை, சாக்கடை, எல்லாம் அதற்குள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பாதி அல்ல, முழுசு. அடிவயிறுவரைக்கும் குளிர்ந்து இறங்கின மூச்சு.

பிறகு அவன் விழுந்த சத்தம் கேட்டது. கம்பி தளர்ந்தது. விமானம் ஏதோ ஒரு கூரையில் உட்கார்ந்து, இரண்டாக உடைந்து, சாதாரணக் கட்டையாகிப் போனது.

எடுத்துப்போய்ச் செய்யவேண்டியதைச் செய்தோம். சுடுகாட்டுக்குத் தூக்கிப்போக மூச்சு இல்லாததால் வண்டி வைத்தோம். துக்கத்துக்கு உட்கார்ந்தவர்கள் இருமலுக்கு நடுவே நடுவே பேசினார்கள். கிட்டுசாமியைப் பற்றி ஆரம்பிப்பார்கள். கொஞ்சத்தில் பேச்சு அந்த ஒரு மூச்சுக்கு வந்துவிடும். எப்படி இருந்தது, எவ்வளவு ஆழம் போனது, யார் எங்கே நின்றிருந்தார்கள், யாருக்குக் கொஞ்சம் அதிகம். சிவன்மலை கண்ணை மூடிக்கொண்டு விவரித்தார். ஜெயக்கொடி அழுதுகொண்டேதான் இருந்தாள். அழுகைக்கு நடுவே என்னிடம் சொன்னாள்: "அந்நேரத்துக்கு எம்பட வீட்டுக்காரர் சிரிச்சாருங்ண்ணா. சத்தமாச் சிரிச்சாரு. சிரிச்சே எத்தன வருசமாச்சு."

துளசிமணி ஆவணியைத் தாண்டவில்லை. போவதற்கு முன்னால் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள்.

"அன்னிக்கு... அந்த மூச்சு... உங்களுக்கும்... வந்துச்சுங்களா?"

வந்தது என்றேன்.

அவன் தொட்டியை விட்டு விழுந்துகொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இழுத்தேன், நெஞ்சு கொண்ட மட்டும். நன்றாகத்தான் இருந்தது.